பொருளற்ற அசையும் பாட்டின் நினைவும்



உளவியலில் சோதனை முறையின் வலிமையும் குறையும் பாவலர் அவைக்குரிய பொருள்தானா என்று சிலர் வியக்கக்கூடும். மனப்பாடம் என்னும் நம் பழைய செல்வத்தை முதன்முதலில் முறையாக அளந்த அறிஞர், அதை அளப்பதற்காகப் பொருளுள்ள சொல்லையே விலக்கிவைத்தார் என்பதை எண்ணினால் அந்த வியப்பு நீங்கும்.

அவர் செருமானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். ஒரு சொல் ஒருவருக்குத் தாயை நினைவூட்டும். மற்றவருக்கு ஒன்றையும் நினைவூட்டாது. இந்த வேறுபாடு அளவைக் கெடுக்கும் என்று கருதிய அவர், இரு மெய்களுக்கிடையே ஓர் உயிரை வைத்து ஏறத்தாழ 2300 அசைகளை ஆக்கினார். அவரே ஆய்வாளர், ஆய்வுக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. நிமிடத்திற்கு 150 அசை என்னும் சீரான வேகத்தில் படித்து மனப்பாடம் செய்தார். பின்னர் அதையே மறுபடியும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறதோ, அதையே எஞ்சிய நினைவின் அளவாகக் கொண்டார். 20 நிமிடத்திற்குப் பின் 58 விழுக்காடு. ஒரு நாளுக்குப் பின் 34. 31 நாட்களுக்குப் பின் 21. மறதி முதலில் விரைந்தோடிப் பின்பு தளர்நடை போடுகிறது.

1885இல் வெளிவந்த இம்முடிவை 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் மீண்டும் சோதித்தனர். ஏறத்தாழ அதே வளைகோடு கிடைத்தது. எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதே இம்முறையின் உண்மையான வலிமை. சோதனை என்ற பெயர் மட்டும் போதாது. அதே 2015இல் வெளியான ஒரு பெருமுயற்சியில் உளவியல் ஆய்வுகள் 100 திரும்பச் செய்யப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 36 விழுக்காடே புள்ளியியல் நோக்கில் முன்போல் உறுதிப்பட்டன.

ஆயினும், பொருளை நீக்கிய பின் எஞ்சுவது மனித நினைவுதானா? கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் இவ்வினாவை எழுப்பினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் 'ஆவிகளின் போர்' என்னும் கதையைப் படிக்கத் தந்து, பின்னர் எழுதச் சொன்னார். கதையின் மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. கேட்டவர் தத்தம் பண்பாட்டிற்கேற்பக் கதையைத் திருத்திக்கொண்டே நினைவுகூர்ந்தனர். இதை எந்த அசைப்பட்டியலும் காட்டியிராது. எனினும், 1932இல் நூலாக வந்த அவ்வாய்வில் கால இடைவெளி ஒழுங்காக இல்லை. ஒருவரிடம் சில மணி கழித்து, வேறொருவரிடம் ஆண்டுகள் கழித்து, வாய்ப்பு நேர்ந்தபோது கேட்டார். உயிர்ப்பு இருந்த இடத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது. இரண்டும் ஓரிடத்தில் முழுமையாக வாய்ப்பது அரிது.

எபிங்ஹாஸ் பாட்டை முற்றிலும் மறந்தவரல்லர். பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்தும் சில பாடல்களைக் கற்றார்; அதுவும் தம் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில்! 80 அசைகொண்ட ஒரு பாடலுக்கு எட்டு முறை ஓதுதலே போதுமாயிற்று. அதே அளவு பொருளற்ற அசைகளுக்கு எழுபது, எண்பது முறை தேவைப்படும் என்று கணக்கிட்டார். பொருள், சந்தம், இயைபு ஆகியவற்றின் கூட்டு வலிமை பத்து மடங்கு என எண்ணால் சொல்ல முடிந்தது, பொருளற்ற அசை அளவுகோலாக அருகில் இருந்ததால்தான்.

22 ஆண்டுகளுக்குப் பின் அப்பாடல்களை அவர் மீண்டும் கற்றார். அவை நினைவிலிருந்து மறைந்துவிட்டன என்றே தோன்றின. ஆனால் புதிய பாடல்களுக்கு வேண்டிய நேரத்தைவிடக் குறைந்த நேரமே அவற்றிற்குத் தேவைப்பட்டது.