இன்னைக்கு முடியாதுங்க



வேலை செய்யும் இடத்தில் ‘முடியாது’ என்று சொல்லப் பழகுவது பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அது எவ்வளவு கஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் வாயெடுத்துக் கேட்டுவிட்டால், என்ன கேட்டார் என்பது முழுசாகக் காதில் விழுவதற்குள் ‘ஆகட்டுங்க’ என்று சொல்லிவிடுகிறவர்கள் நாம். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மரியாதையைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை ராத்திரி ஒரு மணி வரைக்கும் தையல் மெஷின் முன்னால் உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பனியன் கம்பெனி, நூற்பாலை, ஜவுளிக்கடை என்று பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில் வகுப்பெடுப்பது என் தொழில். தைரியம் வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்று பலரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் தலைக்கு மேல் நிற்கும்போது தைரியம் மட்டும் எவ்வளவு தூரம் வரும்? மறுத்துப் பேசுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க வேண்டும், பின்னால் ஒரு சட்டம் நிற்க வேண்டும். வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கும்போது காலை எட்டரைக்கு வந்தவர்கள் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது அங்கே சர்வ சாதாரணம். அதற்கும் மேலே ‘இன்னைக்கு நைட்டு பாத்துக் குடுத்துருங்க’ என்பார்கள். சூப்பர்வைசராக ஒருவரை நடிக்கச் சொல்லி, மற்றவர்களை ஒவ்வொருவராக மறுக்கச் சொன்னேன். ஒரு பெண் ‘மாமியாருக்கு ஒடம்பு சரியில்லீங்கண்ணா’ என்றார். ‘சித்த நேரம் பாரு, நான் வேன்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்’ என்று உடனே பதில் வந்தது. அடுத்தவர் கோயில் நோம்பி என்றார். ‘நோம்பி நாளைக்குத்தானே’ என்று அதற்கும் பதில் தயார். கவனித்தீர்களா? காரணம் சொல்லச் சொல்ல, எதிரே இருப்பவர் ஒவ்வொன்றையும் தீர்த்து வைத்துக்கொண்டே வருகிறார். கடைசியில் சொல்லக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ‘எட்டரைக்கு மேல என்னால முடியாதுங்கண்ணா. காத்தால நேரமே வந்தர்றனுங்க.’ அவ்வளவுதான். மரியாதை துளி குறையவில்லை, காரணமும் இல்லை. சூப்பர்வைசராக நடித்த பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து நடந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் உட்கார்ந்தபடியே, ‘எனக்கும் முடியாதுங்க’ என்றாள். ஒருவர் மறுத்தால் ‘அவ திமிர் புடிச்சவ’ என்று முடித்துவிடலாம். இரண்டு பேர் மறுத்தால் வேலையை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தே ஆக வேண்டும்.

இப்படி மறுக்கிறவர்களுக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது. தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓவர்டைம். பெண்களை மாலை ஏழு மணிக்குப் பிறகு வேலையில் வைப்பதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

முடியாது என்று சொல்வது போலவே, உட்கார இடம் வேண்டும் என்று கேட்பதும் கஷ்டம்தான். இனி அந்த நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எனக்கு ஆசை, நேரம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாளையாறைத் தாண்டிப் போனால் வரும் கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்று அமைப்பு கட்டினார். உட்கார இடம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி, 2018-இல் சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வைத்தார்கள். அடுத்தது நம் தமிழ்நாடு. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும்.

ஒரு ஸ்டூலுக்குச் சட்டமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பத்து மணி நேரம் நின்று பாருங்கள், தெரியும். ஜவுளிக்கடைப் பெண்கள் வகுப்பில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கால்களைப் பார்க்கிறேன். கணுக்கால் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடக்கும். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இருக்கை போட்ட கடையிலும் அதில் உட்கார எல்லோரும் தயங்குகிறார்கள். மேனேஜர் பார்த்தால் சோம்பேறி என்று நினைப்பார் என்ற பயம். அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: இரண்டு பேராக உட்காருங்கள். கஸ்டமர் வந்தால் எழுந்திருங்கள், போனதும் மறுபடி உட்காருங்கள். யாராவது கேட்டால், ‘ஆள் வந்தா எந்திரிச்சுக்கறமுங்க’ என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாக ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு முதல் வாரமே பதில் போட ஆரம்பித்தால், அப்புறம் நிறுத்துவது கஷ்டம். காலையில் வந்து பார்க்கிறேன் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கை வைப்பது, தப்பாகப் பேசுவது எல்லாம் வேறு கணக்கு. அங்கே இதமாகச் சொல்ல வேண்டிய கட்டாயமே கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். 2022-இல் திருப்பூர் ஈஸ்ட்மேன் நிறுவனமும் பெண்கள் முன்நின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில், மெஷின் ஓட்டும் பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவள் ஆபீஸ் வாசலில் தனியாக நிற்க வேண்டாம், பக்கத்து மெஷினில் சொன்னால் போதும் என்ற ஏற்பாடு. அது எல்லா மில்லுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேரமாகிவிட்டது, மணி காட்டுகிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க ஒப்பணக்கார வீதிக்கோ கிராஸ்கட் ரோட்டுக்கோ போவீர்கள். சேலையைப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம், ‘இந்தப் புள்ளைக உக்கார எடம் போடலீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவாள். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.