பூஞ்சணம் பிடித்த படங்களை என்ன செய்வது?

(புதிதாக வந்தோருக்கான ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஊரிலிருந்து வரும்போது நாலு படமாவது கொண்டு வந்திருப்பீர்கள். சிலருக்கு அது காணாமல் போன பிள்ளையின் ஒரே படம். சிலருக்கு வழக்கில் காட்டவேண்டிய சான்று. லண்டன் குளிரிலே யன்னலைப் பூட்டி, அறைக்குள்ளேயே உடுப்புக் காயப்போட்டால் ஈரலிப்பு ஏறும். ஸ்ரூடியோப் படங்களின் மேற்பூச்சு ஜெலற்றின். பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு.

முதலாவது, துப்புரவாக்க முதல் நகல் எடுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்து எழுத்தையும் கைத்தொலைபேசியில் வடிவாக எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கோ. வழக்குக்குரிய படமென்றால் சொலிசிட்டரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். பின்னாலுள்ள திகதியை, முத்திரையைத் திருத்தவே கூடாது.

இரண்டாவது, ஈரத்துணியால் துடைக்காதீங்கோ. பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீர் பட்டால் இளகும். முகமே துணியோடு வந்துவிடும். பிளீச், சவர்க்காரம், டெற்றோல் ஒன்றும் வேண்டாம். ஹீற்றருக்கு மேலே வைத்தால் படம் சுருளும், வெயிலில் நிறம் மங்கும். காற்றோட்டமான நிழலில், வெள்ளைத்தாளின் மேல், முகம் மேலே பார்க்க இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிசுபிசுப்பு காய்ந்து தூளாகும்.

மூன்றாவது, எஃப்.எஃப்.பி.2 முகக்கவசமும் கையுறையும் போட்டு, வெளியிலே நின்று, மெல்லிய தூரிகையால் மெதுவாகத் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறொருவரிடம் கொடுங்கள். கறை மிஞ்சினால் அப்படியே விடுங்கள். கறையோடு இருக்கிற முகம், முகமே இல்லாத படத்தைவிட மேல். கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்காமல், கண்ணாடியோடேயே நகல் எடுங்கள்.

நன்றாகக் காய்ந்த படங்களைத் தனித்தனிக் கடித உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில், வெளிச்சுவரில் முட்டாமல் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

2004 சுனாமியிலும் 2009 இல் வன்னியிலும் எல்லாப் படத்தையும் இழந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முன்பு கனடாவுக்கு, பிரான்சுக்குக் கலியாணப் படம் அனுப்பினீர்களா? அந்த உறவுகளின் அல்பத்தில் தேடச் சொல்லுங்கோ.

கடைசியாக, சுவரில் ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்பவும் வரும். உள்துறை அமைச்சு தந்த இருப்பிடமென்றால் மைக்ரன்ற் ஹெல்ப்புக்கு 0808 8010 503 இல் சொல்லுங்கள். இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். சுவரைப் பற்றி முறையிட்டதால் உங்கள் அகதி வழக்கு கெடாது. பயப்படாமல் சொல்லுங்கள்.