நம்பிக்கை என்பது காத்திருப்பது மட்டுமல்ல
(ஐம்பதாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன்மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். போர் முடிந்த 1945 வரை ஊருக்குக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. பினாங்கில் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் கடையநல்லூரில் இருந்தார்கள் என் பாட்டியார். இரவில் அழுவார்களாம். காலையில் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளை ஓத அனுப்பிவிடுவார்கள். "அத்தா வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்?" என்பார்களாம்.

அந்தக் கேள்வியில்தான் நம்பிக்கை இருந்தது. யஃகூப் நபி (அலை) அவர்களும் யூசுப் நபிக்காக அழுதார்கள். ஆனாலும் நம்பிக்கை இழக்காமல் போய்த் தேடும்படி மக்களை அனுப்பினார்கள். ஆகவே, கவலைப்படுவது ஈமானின் குறையன்று.

இன்று நம் பிள்ளைகளுக்குத் தேர்வு, வேலை, கடன் என்று எத்தனையோ கவலைகள். "துஆ கேள், சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிடாதீர்கள். துஆவும் கேளுங்கள்; பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சேர்ந்து யோசியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

போர் முடிந்து கடிதம் வந்தது. பாட்டனார் முதலில் கேட்டிருந்தது, "பிள்ளைகள் ஓதுகிறார்களா?" என்பதுதான். பாட்டியாரிடம் பதில் இருந்தது.