ஆணி கூட அசையாத ஊர்

கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே, 8,300 அடிக்கும் மேலான உயரத்தில் போடி என்று ஓர் ஊர். வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், கடை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊர்க்காரர்கள்தான் இல்லை.

1859-இல் டபிள்யூ. எஸ். போடி என்பவர் அங்கே தங்கத்தைக் கண்டார். அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் சிக்கி இறந்தும்போனார். 1875-இல் ஒரு சுரங்கம் சரிந்தபோது உள்ளே வளமான தாது தெரிந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏழெட்டாயிரம் பேர் குவிந்தார்கள். பிறகு தாது குறைய, கூட்டமும் கலைந்தது. 1932-இல் பிடித்த தீயில் ஊரின் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியதை ஊரில் சொத்து வைத்திருந்த கெய்ன் என்ற குடும்பத்தார் காவலாள் வைத்துக் காப்பாற்றினார்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1962-இல் போடி மாநில வரலாற்றுப் பூங்காவானது. ஊரைப் புதுப்பிக்கவே கூடாது, சிதைவு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அங்குள்ள கொள்கை. கூரை ஒழுகினால் அடைப்பார்கள். சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுப்பார்கள். புதுசாகக் காட்ட எதுவும் செய்யமாட்டார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கடை அலமாரியில் பழைய சரக்கு, வகுப்பறையில் புத்தகங்கள், எல்லாம் தூசி படிந்தபடி.

இப்படிக் காப்பது எளிதில்லை, நேயர்களே. பழைய கட்டடங்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு பெரியவர் தன் பூர்வீக வீட்டு வாசற்படியைக் காட்டி, "இழைச்சுச் சமமாக்கிக் கொடுத்துடுங்கம்மா" என்றார். "ஐயா, இந்தப் பள்ளம் உங்க பாட்டி, அம்மா எல்லாரும் மிதிச்சு மிதிச்சு விழுந்தது" என்றேன். குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "அப்ப இருக்கட்டும்" என்றார். பழுதுபார்ப்பதை விட, எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலையில் கடினம். போடியில் ஒரு முழு ஊருக்கே அதைச் செய்கிறார்கள்!

அங்கிருந்து ஆணியோ கண்ணாடித் துண்டோ எடுத்துப்போனால் துரதிர்ஷ்டம் பின்தொடரும் என்று ஒரு பேச்சு உண்டு. எடுத்தவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு பொருளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஓர் ஆணிதானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மரவீடுகளில் பட்டையான வெட்டு ஆணி இருந்தால் வேலை பழசு. உருண்டைக் கம்பி ஆணி என்றால் பெரும்பாலும் பிந்தையது. பலகையை விட்டுப் பிரிந்த ஆணி எந்தச் சுவரைப் பற்றியும் சாட்சி சொல்லாது. திரும்பி வந்தாலும் அது இருந்த இடம் யாருக்குத் தெரியும்?

நேரம் நெருங்கிவிட்டது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நேயர்கள் பலர் இருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது கோடையில் ஒரு நாள் போடிக்கு ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் பனி சாலையை மூடிவிடும். உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது, தண்ணீரும் சோறும் கட்டிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அந்த வகுப்பறையை அவர்கள் அவசியம் பார்க்கவேண்டும்.