பொறு எனச் சொல்லும் கம்பி



வழங்குபவனுக்குத் தன் வேகம் தெரியும்; ஏற்பவனுக்கே தன் கொள்ளளவு தெரியும். ஆகவே, "பொறு" என்று சொல்லும் உரிமை ஏற்பவனிடம் இருத்தல் வேண்டும். இந்த எளிய நியதி மீறப்படும்போது சிந்துவது பாலாயின் கண்ணுக்குத் தெரியும். சிந்துவது எழுத்தாயின் தெரிவதில்லை. ஒரு நிறுவைக் கருவி 1375 என்று அனுப்ப, மறுமுனையில் 135 என்று பதிவாகிவிட்டால், அந்த 135-ஐக் கண்டு ஐயுறுவார் யார்? பிழையென்று தோன்றாத பிழையே பெரும்பிழை. அதைத் தடுப்பதற்கென அமைந்த இரண்டு கம்பிகளைப் பற்றியும், அவை தம் கடமையில் தவறும்போது காரணத்தைக் கண்டறியும் முறையைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் பொறியியல் பயின்றவன் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். எனினும், இங்கே நேரும் பல குழப்பங்களுக்கு ஒரு சொல்லின் பொருள் மாறியதே மூலம் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்கும் ஓரளவு உரிமை உண்டெனக் கருதுகிறேன். வெளி மாநிலங்களில் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரியும் தமிழர் பலர். அவர்களுக்கும், பொறியியல் பயிலும் அவர்தம் மக்களுக்கும் இது பயன்படக்கூடும்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரு சிறு சில்லில் அடங்கிய கணிப்பொறி. மின்சார மீட்டரிலும், சலவை எந்திரத்திலும், மருத்துவக் கருவியிலும் அது மறைந்திருந்து பணிபுரிகிறது. மோடெம் முதலிய பிற கருவிகளோடு அது உரையாடுவதற்குப் பயன்படும் வழிகளுள் ஒன்று, எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர் இணைப்பு. ஒவ்வோர் எழுத்தும் தொடக்க, முடிவு அடையாளங்களோடு சேர்த்துப் பத்துத் துடிப்புக்களாகச் செல்கிறது என்று கொள்வோம். விநாடிக்கு 115200 துடிப்பு என்னும் வழக்கமான வேகத்தில், விநாடிக்கு 11520 எழுத்துக்கள் வந்து சேரும். அதாவது ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடிக்கு ஓர் எழுத்து.

இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது எப்போதும் இயல்வதன்று. எஸ்.டி.எம்.32 எஃப்103 என்னும் புகழ்பெற்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் நிலைநினைவகத்தில் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லிவிநாடி ஆகிறது. அந்த நேரத்தில் அதே நினைவகத்திலிருந்து அடுத்த ஆணையைப் படிக்க முடியாமல் சில்லின் மையம் காத்து நிற்கும். 20 மில்லிவிநாடிக்குள் 230 எழுத்துக்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. வாசலிலுள்ள பதிவேட்டிலோ ஓர் எழுத்துக்கே இடம் உண்டு. ஏனையவை சொல்லாமற் கொள்ளாமல் மறைந்து போகின்றன.

இங்கேதான் அந்த இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றின் பெயர் ஆர்.டி.எஸ்.; மற்றொன்றின் பெயர் சி.டி.எஸ். ஒருவர் தம் ஆர்.டி.எஸ். கம்பியின் வழியே "நான் ஏற்கத் தயார்" என்றோ, "பொறு" என்றோ அறிவிக்கிறார். அது மறுமுனையிலுள்ளவரின் சி.டி.எஸ். முனையைச் சேர்கிறது. "பொறு" என்று கண்டால் அவர் அடுத்த எழுத்தை அனுப்புவதில்லை.

ரயிலில் நெடுந்தொலைவு பயணம் செய்து பழகிய நமக்கு இது புதிதன்று. புறப்படும் நிலையத்தார் தாமாக வண்டியை விட்டுவிடுவதில்லை. அடுத்த நிலையத்தார் "பாதை வெறுமையாக உள்ளது" என்று இசைவு தந்த பின்னரே வண்டி நகர்கிறது. இன்றும் பல பாதைகளில் இம்முறையே நடைபெறுகிறது. இசைவு தருபவர் ஏற்பவர் என்பதை மனத்திற் கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

மீதிப் பாதி, பெயரினால் விளைந்தது. ஆர்.எஸ்.232 என்னும் அமெரிக்கத் தரநிர்ணயம் 1960-இல் தோன்றியது. அக்காலத்து மோடெம்களுள் பல, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே பேசவல்லவை. முனையக் கருவி "அனுப்ப விரும்புகிறேன்" என்று ஆர்.டி.எஸ். வழியே கேட்கும், மோடெம் தன் அலையை எழுப்பி, ஆயத்தமானதும் "அனுப்பலாம்" என்று சி.டி.எஸ். வழியே விடையளிக்கும். ஆகவே இரண்டும் ஒரே திசைக்குரிய கேள்வியும் விடையுமாக இருந்தன. எதிர்த் திசையில் வரும் எழுத்துக்களைத் தடுக்க அவற்றில் வழியில்லை. பின்னர், இரு திசையிலும் ஒருங்கே பேசும் மோடெம்கள் வந்தபோது, ஆர்.டி.எஸ். கம்பியை "ஏற்கத் தயார்" என்னும் அறிவிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். 1991-இல் வந்த அத்தரத்தின் 'இ' பதிப்பு இப்புதுப் பொருளையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. "அனுப்ப வேண்டுகோள்" என்னும் பெயர் கொண்ட கம்பி, "எனக்கு அனுப்புக" என்னும் செய்தியைச் சுமக்கிறது. பெயரை அப்படியே மொழிபெயர்த்துப் புரிந்துகொள்பவர் வழிதவறாமல் என்ன செய்வார்?

இனி, எழுத்துக்கள் தொலையும்போது செய்ய வேண்டுவன யாவை என்று காண்போம்.

முதலாவது, நோய் இதுதானா என்று துணிதல். வந்த எழுத்துக்கள் உருமாறி இருந்தால், குற்றம் பெரும்பாலும் இருபுற வேகங்களின் ஒவ்வாமையே. இந்தக் கம்பிகளை ஐயுற வேண்டா. எழுத்துக்கள் சரியாக இருந்து, இடையிடையே சில விடுபட்டிருந்தால் அது வழிந்து சிந்தியதன் அறிகுறி. சில்லின் நிலைப் பதிவேட்டில் ஓவர்ரன் என்னும் கொடி உயர்ந்திருந்தால் ஐயமே இல்லை.

இரண்டாவது, கம்பிகளின் திசை. இரு மைக்ரோகன்ட்ரோலர்களை இணைக்கையில் ஒன்றின் ஆர்.டி.எஸ். மற்றதன் சி.டி.எஸ்.ஸுக்குச் செல்ல வேண்டும். ஆனால் மோடெம்களில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றுட் சிலவற்றின் முனைகளுக்குக் கணிப்பொறியின் நோக்கிலிருந்து பெயரிட்டிருப்பர். அத்தகைய மோடெமில் ஆர்.டி.எஸ். என்று எழுதியிருப்பது, செய்தியை வெளியிடும் முனையன்று, பெறும் முனை. அங்கே ஆர்.டி.எஸ்.ஸை ஆர்.டி.எஸ்.ஸோடுதான் இணைக்க வேண்டும். ஆகவே கையேட்டில் பெயரைப் பாராமல், அது உள்வரும் முனையா, வெளிச்செல்லும் முனையா என்பதைப் பார்க்க வேண்டும். இரு கருவிகளின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்துள்ளனவா என்பதையும் மறவாது நோக்குக.

மூன்றாவது, மின்னழுத்தத்தின் பொருள். சில்லின் முனையில் தாழ்ந்த அழுத்தம் "தயார்" என்பதையும், உயர்ந்த அழுத்தம் "பொறு" என்பதையும் குறிப்பதே வழக்கம். ஆர்.எஸ்.232 கம்பியிலோ +3 முதல் +15 வோல்ட் வரை "தயார்". -3 முதல் -15 வரை "பொறு". இரண்டுக்கும் இடையே நிலைமாற்றிச் சில் ஒன்று இருந்தே தீரவேண்டும். இல்லையேல் பொருள் தலைகீழாவதோடு, மைக்ரோகன்ட்ரோலரும் பழுதாகக்கூடும்.

நான்காவது சோதனை மிக எளிது, பலனோ பெரிது. மைக்ரோகன்ட்ரோலரின் சி.டி.எஸ். முனையை மறுகருவியிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றின் வழியே அதைக் கிரவுண்டோடு இணையுங்கள்: எழுத்துக்கள் ஓட வேண்டும். பின்னர் அதே மின்தடை வழியே சில்லின் 3.3 வோல்ட் மின்வழங்கலோடு இணையுங்கள்: நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில், குற்றம் கம்பியிலன்று. அந்தச் சில்லில் இந்த வசதி இயக்கப்படவில்லை. எஸ்.டி.எம்.32 வகையில் மூன்றாம் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இதற்கெனத் தனித்தனி ஆணைத்துண்டுகள் உள்ளன. ராஸ்பெரி பையில் 16, 17 என்னும் எண்ணுள்ள ஜி.பி.ஐ.ஓ. முனைகளை இப்பணிக்கென மாற்றியமைத்தாலன்றி அவை சி.டி.எஸ்., ஆர்.டி.எஸ். ஆகா. ஆர்டுயினோ ஊனோவிலுள்ள ஏ.டி.மெகா 328 சில்லிலோ இந்த வசதி பிறவியிலேயே இல்லை; நிரலின் வழியே நாமே அமைக்க வேண்டும். மறுகருவியிலும் இவ்வாறே காண்க: பல செல்பேசி மோடெம்களில் ஐ.எஃப்.சி. என்னும் ஆணைக்கு 2, 2 என்று மதிப்புத் தந்தால்தான் இரு திசையிலும் இது செயற்படத் தொடங்கும்.

ஐந்தாவது, நின்றபின் வந்து சேர்பவை. கைகாட்டி விழுந்த கணமே ஓடும் வண்டி நிற்பதில்லை. அதனாலன்றோ, பல நிறக் கைகாட்டிகள் உள்ள பாதைகளில், நிலையத்தின் முதல் நிறுத்தக் கைகாட்டிக்கு அப்பாலும் 180 மீட்டர் வெறுமையாக இருந்தால்தான் வண்டிக்கு இசைவு தருகின்றனர்! அதுபோல், பாதியில் இருக்கும் எழுத்து முழுமையாக வந்தே தீரும். கணிப்பொறியோடு இணைக்க உதவும் எஃப்.டி.232ஆர் போன்ற சில்கள், "பொறு" என்ற பின்னும் மூன்று எழுத்துக்கள் வரை அனுப்பக்கூடும். எனவே கிடங்கு நிரம்பிய பிறகு தடுப்பதிற் பயனில்லை. சில எழுத்துக்களுக்கு இடம் எஞ்சியிருக்கும்போதே தடுக்க வேண்டும்.

ஆறாவது, தேர்ந்தவரையும் ஏமாற்றும் ஒன்று. டி.எம்.ஏ. என்னும் ஏற்பாடு, வாசலில் வந்த எழுத்தை மையத்தின் உதவியின்றித் தானே எடுத்து நினைவகத்தில் வட்டமான ஒரு கிடங்கில் சேர்க்கிறது. எஸ்.டி.எம்.32 சில்லில் ஆர்.டி.எஸ். கம்பி காவல் காப்பது வாசலை மட்டுமே. உள்ளே கிடங்கு நிரம்பியதை அது அறியாது. வாசலோ உடனுக்குடன் காலியாவதால் "தயார், தயார்" என்றே அறிவித்துக் கொண்டிருக்கும். கிடங்கில் படிக்கப்படாத பழைய எழுத்துக்களின்மேல் புதியவை எழுதப்பட்டு அழியும். ஓவர்ரன் கொடியும் உயராது. கம்பியும் சரி, அமைப்பும் சரி, ஆயினும் எழுத்துக்கள் தொலைகின்றன என்றால் இதனையே முதலில் ஐயுறுக. கிடங்கில் முக்கால் பங்கு நிரம்பியதும் நிரலே ஆர்.டி.எஸ். முனையை உயர்த்துவது இதற்கு நல்ல பரிகாரம். அல்லது அந்நிலையில் டி.எம்.ஏ.வை நிறுத்திவைத்தால் வாசல் நிரம்பிக் கம்பி தானாகவே உயரும்.

இவையெல்லாம் செய்த பின்னர் ஒரு தேர்வு வைக்க வேண்டும். வரிசை எண்ணிட்ட பத்தாயிரம் வரிகளை முழு வேகத்தில் அனுப்புங்கள். ஏற்கும் நிரலை இடையிடையே வேண்டுமென்றே அரை விநாடி உறங்கச் செய்யுங்கள். உறங்கும்போது ஆர்.டி.எஸ். கம்பியில் அழுத்தம் உயர்வதை மல்டிமீட்டரோ ஆசிலாஸ்கோப்போ காட்ட வேண்டும். முடிவில் ஓர் எண்ணும் விடுபட்டிருக்கக் கூடாது. ஓய்வாக இருக்கும் கருவியைச் சோதித்து, "நன்றாக வேலை செய்கிறது" என்று சான்று தருவது சோதனையாகாது. வேலை மிகுந்த நேரத்தில்தான் அந்தக் கம்பிக்கு வேலை.

மருத்துவமனையில் நோயாளியின் நாடித்துடிப்பை எண்ணும் கருவியிலும், நியாயவிலைக் கடையின் தராசிலும் இத்தகைய இணைப்புக்கள் இருக்கக்கூடும். அங்கே ஓர் இலக்கம் தொலைந்தால், அதன் விலையைத் தருபவர் கருவியைச் செய்தவர் அல்லர், அதை நம்பியவர். ஆதலின், அமைப்பவர் பெயரை நம்பாமல் திசையை நோக்கட்டும். திசையை நோக்கியதோடு அமையாமல் அளந்து பார்க்கட்டும். "பொறு" என்னும் ஒரு சொல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்று சேர்ந்தால், மற்ற சொற்களெல்லாம் சிதையாமல் வந்து சேரும்.