பனிக்குளிரில் காமிரா

1910-ஆம் ஆண்டு காப்டன் ஸ்காட் தலைமையில் தென் துருவத்தை நோக்கிப் புறப்பட்ட யாத்திரைக் கோஷ்டியில் ஹெர்பர்ட் பாண்டிங் என்ற புகைப்பட நிபுணரும் இடம்பெற்றிருந்தார். அண்டார்டிகாவின் கடுங்குளிரில் படமெடுக்க முனைந்திருந்த ஒரு சமயம், அவருடைய நாவின் நுனி தற்செயலாகக் காமிராவின் உலோகப் பாகத்தில் பட்டுவிட, அக்கணமே அது உறைந்து ஒட்டிக்கொண்டு, விடுவித்தபோது தோலும் உடன் உரிந்து வந்ததாம்.

ஆயினும், குளிரைக் காட்டிலும் காமிராவுக்கு அதிக அபாயம் விளைவிப்பது, வெளியே சுற்றி வந்தபின் அதை நேரே கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுசெல்வதுதான். உஷ்ணக் காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த லென்ஸின் மீதும் உட்புறத்து நுண்ணிய பாகங்களின் மீதும் பட்ட மாத்திரத்தில் நீர்த்துளிகளாகப் படிந்துவிடுகிறது. இதை உணர்ந்தே பாண்டிங் தம் காமிராக்களைக் குடிலுக்கு வெளியே குளிரிலேயே விட்டுவைத்தார்.

குளிர்காலத்தில் லடாக் போன்ற பிரதேசங்களுக்குச் செல்லும் அன்பர்களுக்கு எளிய உபாயம் ஒன்று உண்டு: வெளியில் இருக்கும்போதே காமிராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு இறுக மூடி, உள்ளே வந்தபின் அது அறையின் உஷ்ணத்தை அடையும் வரை இரண்டொரு மணி நேரம் பையைத் திறவாதிருந்தால், ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியுமேயன்றிக் காமிராவை அணுகாது. படங்களை உடனே பார்க்கும் ஆவல் யாருக்கும் இயல்பே. ஆகையால் மெமரி கார்டை முன்னதாகவே கழற்றிக்கொள்வது உத்தமம்.

குளிரில் இரசாயனக் கிரியை மந்தமாவதால், பாட்டரி தீர்ந்துவிட்டதைப் போலத் தோன்றும். மேலங்கியின் உட்பையில் உடம்புச் சூட்டில் சற்று வைத்திருந்தால் பெரும்பாலும் மீண்டும் உயிர்பெறும். லென்ஸில் விழுந்த பனித்துகளை வாயால் ஊதாமல் மெல்லிய தூரிகையால் நீக்குங்கள். ஊதினால் மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்து படலமாகிவிடும்.