திரையில் ஒரு வயல்

செம்பூரில் நம் மைந்தன் கைப்பேசித் திரையில் உழுது, விதைத்து, நீர் வார்க்கிறான். ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் அவ்விளையாட்டை எரிக் பரோன் தனியொருவராக நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்டார். அதற்கு முன்னோடி, 1996-இல் ஜப்பானில் யாசுஹிரோ வாடா படைத்த ‘ஹார்வெஸ்ட் மூன்’. வாடாவும் நம்மைப் போன்றவரே. மியாசாக்கியை விட்டு டோக்கியோ வந்தபின்தான் நாட்டுப்புறத்தின் அருமையை உணர்ந்தாராம்.

நீர் வார்க்க மறந்தாலும் மைந்தனின் பயிர் கருகுவதில்லை, வளராமல் காத்திருக்கிறது. நம் பாட்டனாரின் புஞ்சை காத்திருக்கவில்லை. இரு பருவம் மழை பொய்க்கவே, நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் கூடத்திற்கு வந்து சேர்ந்தார்.

இதனைச் சொன்னோம். ஆட்டத்தை நிறுத்தி, “அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது, அப்பா?” என்றான். நம்மிடம் விடையில்லை.